வெளிநாட்டில் 'ஊமை'யான நம்மூர் சிம்கார்டு... ஓ.டி.பி. வராமல் தவிக்கும் தொழிலாளர்கள்! மீட்பது எப்படி?

சென்னை:-

சிங்கப்பூர், மலேசியா, துபாய், சவூதி என்று வேலைக்குப் போகிறவர்கள் ஊறுகாய் பாட்டிலோடு மறக்காமல் எடுத்துப் போகும் இன்னொரு பொருள், நம்மூர் சிம்கார்டு. அங்கே போய் இறங்கியதும் அந்த ஊர் சிம்மை வாங்கி போனில் போட்டுக் கொள்கிறார்கள். நம்மூர் சிம் கழற்றப்பட்டு, பர்சுக்குள் சாமி படத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து விடுகிறது. ஏழெட்டு மாதம் கழித்து தேவைப்படும்போது எடுத்துப் போட்டால் டவர் வருவதில்லை. ரீசார்ஜ் செய்தாலும் வேலை செய்வதில்லை.

"போனால் போகுது, வேற நம்பர் வாங்கிக்கலாம்" என்று விட்டுவிடவும் முடியாது. பேங்க் கணக்கு, ஆதார், கியாஸ் இணைப்பு, பி.எப். என்று எல்லாமே அந்த ஒரே நம்பரில்தான் தொங்கிக் கொண்டு இருக்கிறது.

பணம் இருந்தும் பலன் இல்லை

பட்டுக்கோட்டை பக்கத்து கிராமத்துக்காரர் ஒருவர் சிங்கப்பூரில் கட்டிட வேலை பார்க்கிறார் என்று வைத்துக் கொள்வோம். ஊரில் அவருடைய அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து இருக்கிறார்கள். "என்னங்க, சாயங்காலத்துக்குள்ள 40 ஆயிரம் கட்டச் சொல்றாங்க" என்று மனைவி போன் செய்கிறார். பணம் அவருடைய ஊர் கணக்கில் இருக்கிறது. செல்போனில் பேங்க் பக்கத்தை திறந்து, தொகையையும் போட்டு விட்டார். 'உங்கள் செல்போன் எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பி உள்ளோம்' என்று வருகிறது. ஆனால் அந்த செல்போன் எண்ணுக்குத்தான் உயிர் இல்லை. சொந்தப் பணம் கணக்கில் இருந்தும், பக்கத்து வீட்டில் கைமாற்று கேட்க வேண்டிய நிலை.

சிம் ஏன் இப்படி ஆகிறது? எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பது எப்படி? அறையில் இருந்தபடியே என்ன செய்யலாம்? விவரம் வருமாறு:-

90 நாள் கணக்கு

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' 2013-ம் ஆண்டு ஒரு விதி கொண்டு வந்தது. அதன்படி, ப்ரீபெய்டு சிம்மை தொடர்ந்து 90 நாட்கள் எதற்குமே பயன்படுத்தாமல் இருந்தால், அந்த இணைப்பை கம்பெனி துண்டிக்கலாம். பேசுவது, போன் வருவது, எஸ்.எம்.எஸ். அனுப்புவது, நெட் பயன்படுத்துவது இவற்றில் ஏதாவது ஒன்று நடந்தால் கூட 'பயன்பாட்டில் இருக்கிறது' என்று கணக்கு.

அதே விதியில் ஒரு சலுகையும் இருக்கிறது. மெயின் பேலன்சில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், பயன்படுத்தவில்லை என்பதற்காக நம்பரைத் துண்டிக்கக் கூடாது. 20 ரூபாய் வரை கழித்துக் கொண்டு, மேலும் 30 நாள் நம்பரை வைத்திருக்க வேண்டும். பேலன்ஸ் தீர்ந்து நம்பர் துண்டிக்கப்பட்டாலும், உடனே வேறு ஆளுக்குப் போய்விடாது. அதே நம்பரை திரும்ப உயிர்ப்பிக்க 15 நாள் அவகாசம் உண்டு.

இதில்தான் நிறைய பேர் ஏமாந்து போகிறார்கள். 'அன்லிமிடெட்' பேக் போட்டால் அந்தப் பணம் மெயின் பேலன்சில் ஏறாது. 300 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்திருப்பார்கள். ஆனால் மெயின் பேலன்ஸ் பூஜ்யம் என்று காட்டும். 'டாப்-அப்' என்று தனியாகப் போட்டால்தான் மெயின் பேலன்சில் பணம் நிற்கும்.

இன்னொன்று. நம்பர் நம் பெயரில் இருப்பது வேறு, அதில் மெசேஜ் வருவது வேறு. பேக் வேலிடிட்டி முடிந்தால் முதலில் போன் பேச முடியாது. கொஞ்ச நாளில் வருகிற போனும், மெசேஜும் நின்று போகும். ஆகவே 20 ரூபாய் பேலன்ஸ் நம்பரைக் காப்பாற்றலாம். ஓ.டி.பி. வர வேண்டும் என்றால் வேலிடிட்டியும் ஓடிக்கொண்டு இருக்க வேண்டும்.

முதலில் போன் என்ன சொல்கிறது?

சிம்மைப் போட்டதும் 'டவர் இல்லை' என்று பதறி, கண்டபடி ரீசார்ஜ் செய்வது வீண். போன் திரையில் என்ன வாசகம் வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

* 'நோ சிம்', 'இன்வேலிட் சிம்' என்று வந்தால்:- போனுக்கும் சிம்முக்கும்தான் தகராறு. சிம்மின் தகட்டை மெல்லிய துணியால் துடைத்து, அறை நண்பரின் போனில் போட்டுப் பாருங்கள். அதில் வேலை செய்தால் சிம் நல்லா இருக்கிறது என்று அர்த்தம். வெளிநாட்டு கம்பெனியிடம் மாதத் தவணையில் வாங்கிய போன் சில நேரம் 'லாக்' செய்யப்பட்டு இருக்கும். அதில் வேறு கம்பெனி சிம் ஏறாது.

* 'பி.யூ.கே.' கேட்டால்:- பின் நம்பரை 3 தடவை தப்பாகப் போட்டு விட்டீர்கள். இஷ்டத்துக்கு எதையாவது அடிக்காதீர்கள். 10 தடவை தப்பானால் சிம் ஒரேயடியாகப் போய்விடும். கம்பெனியின் கஸ்டமர் கேரில் கேட்டால் சரியான எண்ணை சொல்வார்கள்.

* 'எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி', 'நோ சர்வீஸ்' என்று வந்தால்:- சிம்மை போன் படிக்கிறது. அந்த நாட்டு டவர்தான் சேர்த்துக் கொள்ள மறுக்கிறது. இன்டர்நேஷனல் ரோமிங் போடாமல் இருக்கலாம். நம்பரே துண்டிக்கப்பட்டும் இருக்கலாம்.

* டவர் இருக்கிறது, மெசேஜ் மட்டும் வரவில்லை என்றால்:- வேலிடிட்டி முடிந்து இருக்கலாம். 'ஸ்பாம்' பெட்டிக்குள் மெசேஜ் விழுந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, அந்த நம்பருக்கே போன் போடுங்க

நம்பர் உயிரோடு இருக்கிறதா என்று அறிய சுலபமான வழி இருக்கிறது. ஊரில் இருக்கும் மனைவியையோ தம்பியையோ அந்த நம்பருக்கு ஒரு தடவை போன் செய்யச் சொல்ல வேண்டும். 'சுவிட்ச் ஆப்', 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று வந்தால் நம்பர் இன்னும் உங்களிடம்தான் இருக்க வாய்ப்பு அதிகம். 'வரும் அழைப்பு வசதி இல்லை' என்று வந்தால் வேலிடிட்டி முடிந்து விட்டது. ரீசார்ஜ் செய்தால் சரியாகலாம். 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்று வந்தால் துண்டிக்கப்பட்டு விட்டது என்று எடுத்துக் கொள்ளலாம்.

முன்பின் தெரியாத யாராவது எடுத்து "யாருங்க வேணும்?" என்று கேட்டால், நம்பர் வேறு ஆளுக்குப் போய்விட்டது. அதன்பிறகு அந்த நம்பருக்கு ரீசார்ஜ் செய்தால் பணம் முன்பின் தெரியாதவருக்குத்தான் போகும். அதனால்தான் முதலில் போன், அப்புறம் ரீசார்ஜ் என்ற வரிசை.

நம்பர் உயிரோடு இருந்தால்...

ஊரில் இருப்பவர்கள் ரீசார்ஜ் கடையிலோ, ஜிபே, போன்பே வழியாகவோ ரீசார்ஜ் செய்து விடலாம். வெளிநாட்டு கார்டை வைத்து அங்கிருந்தே செய்ய முயன்றால் பல நேரம் ஏற்காது. பேக்கோடு நிறுத்தாமல் 50 ரூபாயாவது டாப்-அப்பும் போடச் சொல்லுங்கள்.

ரீசார்ஜ் ஆன பிறகு வெளிநாட்டில் இருப்பவர் செய்ய வேண்டியது:-

1. போனை அணைத்து, சிம்மைப் போட்டு, மறுபடி ஆன் செய்ய வேண்டும். வெளிநாட்டு டவரில் பதிவாக சில நிமிடங்கள் பிடிக்கும்.

2. தானாக டவர் எடுக்கவில்லை என்றால் செட்டிங்கில் 'மொபைல் நெட்வொர்க்' போய், 'ஆட்டோமேட்டிக்' என்பதை எடுத்து விட்டு, வரும் கம்பெனி பெயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். நம்மூர் கம்பெனி அங்கே எந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் வைத்து இருக்கிறதோ, அதில்தான் ஏறும்.

3. 'டேட்டா ரோமிங்'கை அணைத்தே வைக்க வேண்டும். ஓ.டி.பி. மெசேஜுக்கு நெட் தேவையில்லை. அது ஆன் ஆகி இருந்தால் பேலன்ஸ் கரைந்து போகும். போஸ்ட்பெய்டாக இருந்தால் பில்லைப் பார்த்து மயக்கமே வந்துவிடும்.

4. அப்படியும் டவர் வரவில்லை என்றால் இன்டர்நேஷனல் ரோமிங் வசதி போடப்பட்டு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இதற்கு 198 போன்ற நம்மூர் குறுகிய எண்கள் வெளிநாட்டில் இருந்து போகாது. ஒவ்வொரு கம்பெனியும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு என்று +91-ல் தொடங்கும் நீண்ட எண் வைத்து இருக்கிறது. கம்பெனியின் சொந்த இணையதளத்தில் மட்டும் அதை எடுங்கள். கூகுளில் தேடி முதலில் வரும் நம்பருக்கு எல்லாம் போன் செய்தால் மோசடி கும்பலிடம் மாட்ட வேண்டி வரும்.

கம்பெனியின் 'ஆப்' மூலமாகவும் ரோமிங் போடலாம். ஆனால் ஆப்புக்குள் நுழையவே அதே நம்பருக்குத்தான் ஓ.டி.பி. வரும். வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளே வைத்துப் பூட்டிய கதைதான். அதனால் ஊரில் இருக்கும்போதே ஆப்பில் நுழைந்து வைத்திருப்பது நல்லது.

பழைய சிம், பட்டன் போன் என்றால்?

சிங்கப்பூரில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே 2ஜி சேவை 2017-ம் ஆண்டு ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. 3ஜி சேவைக்கும் 2024-ல் மூடுவிழா தொடங்கியது. மலேசியாவில் 3ஜி 2021 கடைசியோடு நிறுத்தப்பட்டு விட்டது.

இதனால் என்ன? நம்மூரில் நன்றாக ஓடும் பழைய 2ஜி பட்டன் போன் சிங்கப்பூரில் டவரே எடுக்காது. 'என் சிம் செத்துடுச்சு' என்று நினைத்தால், உண்மையில் சாகவில்லை. போன்தான் பொருந்தவில்லை. அதேபோல 10, 15 வருடத்துக்கு முன்பு வாங்கிய பழைய 2ஜி சிம்கார்டை புது போனில் போட்டாலும் 4ஜி டவரில் ஏறாது. அந்தக் காலத்து சிம்மில் அதற்கான வசதியே கிடையாது. ஊருக்கு வரும்போது அதே நம்பரில் 4ஜி சிம்மாக மாற்றிக் கொள்வதுதான் வழி.

'யு.பி.ஐ.' மட்டும் வேலை செய்யலையா?

மெசேஜ் வருகிறது, ஆனால் புது போனில் ஜிபே, போன்பே ஏறவில்லை என்பது இன்னொரு புலம்பல். யு.பி.ஐ. ஆப் ஏறும்போது, உங்கள் போனில் இருந்து ஒரு எஸ்.எம்.எஸ். வெளியே போக வேண்டும். ரோமிங்கில் மெசேஜ் வருவதற்கு பெரும்பாலும் காசு இல்லை. போவதற்குக் காசு உண்டு. அது மெயின் பேலன்சில் இருந்துதான் கழியும். அங்கே பூஜ்யம் என்றால் மெசேஜ் போகாது, ஆப்பும் ஏறாது. டாப்-அப் போட்டால் பிரச்சினை தீரும்.

வெளிநாட்டு நம்பரிலேயே யு.பி.ஐ. பயன்படுத்தவும் வழி இருக்கிறது. என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்கு வைத்து இருப்பவர்களுக்காக 2023 ஜனவரியில் இந்த வசதி அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, கத்தார், ஓமன் உள்பட 10 நாடுகள் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. உங்கள் பேங்க் இதைத் தருகிறதா என்று கேட்டுக் கொள்ளலாம்.

நம்பர் துண்டிக்கப்பட்டு விட்டால்...

துண்டித்து 15 நாளுக்குள் என்றால் நம்பிக்கை உண்டு. உடனே கஸ்டமர் கேரில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். அவர்கள் சரியாகப் பதில் சொல்லவில்லை என்றால், 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது டிராய் விதி. இதற்கு தனிக் கட்டணம் கிடையாது.

அவகாசம் தாண்டி விட்டால் சிக்கல்தான். துண்டிக்கப்பட்ட நம்பரை குறைந்தது 90 நாட்களுக்கு வேறு யாருக்கும் தரக் கூடாது என்று விதி இருக்கிறது. அதற்குள் ஊருக்கு வர முடிந்தால், நேரில் போய்க் கேட்டுப் பார்க்கலாம். கிடைப்பது கம்பெனியின் கையில்தான் இருக்கிறது.

இங்கே இன்னொரு முட்டுக்கட்டை. டூப்ளிகேட் சிம் வாங்க சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவரேதான் போக வேண்டும். அவருடைய ஆதார் கைரேகை அல்லது நேரடி போட்டோ சரிபார்ப்பு கேட்பார்கள். "என் வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருக்கார் சார்" என்று மனைவி எவ்வளவு கெஞ்சினாலும் தர மாட்டார்கள். தரவும் கூடாது. அப்படிக் கொடுக்க ஆரம்பித்தால், மோசடிக்காரனும் வந்து வாங்கிப் போய்விடுவான்.

சிம் அப்பா பெயரிலோ, அண்ணன் பெயரிலோ இருந்தால் அவர் போய் வாங்கலாம். யார் பெயரில் வாங்கினோம் என்பதே பல பேருக்கு ஞாபகம் இருப்பதில்லை. 'சஞ்சார் சாத்தி' என்ற மத்திய அரசு இணையதளத்தில் ஒருவர் பெயரில் எத்தனை நம்பர் இருக்கிறது என்று பார்க்கலாம்.

புது சிம் கையில் வந்த உடனே ஓ.டி.பி. வரவில்லை என்று பயப்பட வேண்டாம். சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். வராது, போகாது. மோசடியைத் தடுக்க போடப்பட்ட கட்டுப்பாடு இது. அதேபோல சிம் மாற்றிய 7 நாளுக்குள் வேறு கம்பெனிக்கு மாறவும் முடியாது. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் இந்த விதி நடைமுறையில் உள்ளது. லீவில் 10 நாள் மட்டும் வருகிறவர்கள், வந்த முதல் நாளே இந்த வேலையை முடித்து விடுவது புத்திசாலித்தனம்.

நம்பர் வேறு ஆளிடம் போனால் ஆபத்து

நம்பர் போனதை விட, அதை பேங்கில் சொல்லாமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. உங்கள் கணக்கு விவரம், பண இருப்பு, ஓ.டி.பி. எல்லாம் முன்பின் தெரியாதவர் போனுக்குப் போகும். அவர் நல்லவராக இருந்தால் பிழைத்தோம். வாட்ஸ்அப் கணக்கும் இப்படி கை மாறலாம்.

இந்த விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. நம்பரை விட்டவர்கள் தங்கள் தகவல்களை தாங்களே அழித்துக் கொள்ள வேண்டும் என்று 2023 நவம்பரில் அந்த வழக்கு முடித்து வைக்கப்பட்டது. துண்டிக்கப்பட்ட நம்பர்களின் பட்டியலைப் பார்த்து தங்கள் பதிவேட்டை சரி செய்யும்படி 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கியும் பேங்குகளுக்கு அறிவுறுத்தியது. ஆனாலும் பேங்க் பார்த்துக் கொள்ளும் என்று சும்மா இருக்கக் கூடாது.

நம்பர் போய்விட்டது என்று உறுதியானால், பேங்க் கிளைக்கு இ-மெயில் அல்லது போன் மூலம் தகவல் சொல்லி, நெட் பேங்கிங்கை நிறுத்தி வைக்கக் கேட்க வேண்டும். பிறகு நம்பர் மாற்றும் படிவம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு நம்பரை சேர்த்துக் கொள்ளும் பேங்குகளும் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் 'சேஞ்ச் நம்பர்' என்ற வசதியில் புது நம்பருக்கு மாறி விடலாம்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் ஊரில் இருப்பவர்கள் உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்கு பணத்தை மடக்க வாய்ப்பு உண்டு.

"டிராய்ல இருந்து பேசறோம். 2 மணி நேரத்துல உங்க சிம் கட் ஆயிடும். 9-ஐ அமுக்குங்க" என்று போன் வந்தால் பேச்சையே நிறுத்தி விடுங்கள். டிராய் யாருக்கும் போன் செய்து இணைப்பைத் துண்டிப்பதாக மிரட்டுவது கிடையாது.

விமானம் ஏறும் முன்...

* ரோமிங் வசதியை ஊரிலேயே போட்டு, கம்பெனி ஆப்பிலும் நுழைந்து விட வேண்டும்.

* 2024 டிசம்பரில் டிராய் போட்ட உத்தரவுப்படி, நெட் இல்லாமல் பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.சுக்கும் மட்டுமான பேக்குகள் வந்துள்ளன. இவற்றின் வேலிடிட்டி 365 நாள் வரை இருக்கலாம். தினமும் 2 ஜிபி நெட் உள்ள பேக்கை வெளிநாட்டில் இருந்து கொண்டு போடுவது தண்டச் செலவு.

* சிம்மை பர்சில் வைக்காதீர்கள். இரண்டு சிம் போனில் இரண்டாவது சிம்மாகப் போட்டு வையுங்கள். அது முடியாது என்றால், மாதம் ஒரு தடவையாவது போட்டு, ஒரு மெசேஜ் அனுப்பி விட்டுக் கழற்றுங்கள்.

* சிம்மை வீட்டில் மனைவியின் போனில் போட்டு விட்டுப் போவதும் ஒரு வழி. ரோமிங் தொல்லை இல்லை. ஆனால் யு.பி.ஐ. ஆப் வெளிநாட்டில் இருக்கும் உங்கள் போனில் புதிதாக ஏறாது.

* வேலைக்காக வெளிநாடு போகிறவர்கள் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும் என்பது விதி. அந்தப் படிவம் கொடுக்கும்போதே இ-மெயில், வெளிநாட்டு நம்பர் இரண்டையும் சேர்த்து எழுதிக் கொடுத்து விடலாம்.

* மனைவி பெயரில் தனியாக ஒரு பேங்க் கணக்கு, அதில் கொஞ்சம் பணம். இது சிம்மை விட முக்கியம்.

ஆஸ்பத்திரி செலவுக்குத் தவிக்கும் அந்த சிங்கப்பூர் தொழிலாளிக்கு சாயங்காலத்துக்குள் சிம் சரியாகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அவர் சிம்மோடு மல்லுக்கட்டி நேரத்தை விரயம் செய்வதை விட, அங்கே உள்ள சம்பளக் கணக்கில் இருந்தோ, பணம் அனுப்பும் கடையில் இருந்தோ மனைவி கணக்குக்கு நேரடியாக அனுப்புவதுதான் சரி. அதற்கு நம்மூர் நம்பரின் ஓ.டி.பி. தேவையில்லை. அம்மாவுக்குப் பணம் கட்டி முடித்த பிறகு, ராத்திரி ஆற அமர உட்கார்ந்து சிம் வேலையைப் பார்க்கலாம்.

இன்றைக்கு அவசரம் எதுவும் இல்லாதவர்கள் ஒரு காரியம் செய்யலாம். பர்சைத் திறந்து, சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும் சிம்மை எடுத்து போனில் போட்டுப் பாருங்கள். டவர் வருகிறதா?